ஜெயக்கொடி பெரியம்மாவின் தூக்குவாளி

பதினோரு மணிக்குள் கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டு அம்மா மில்லுக்குப் போய்விட்டாள். இப்போது ஒன்பதரை. ஒரு தூக்குவாளியைக் கழுவி, ஒரு மாடி ஏறி, ஒரு கதவைத் தட்டிக் கொடுக்க ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடப் பத்து நிமிஷத்தில் முடித்துவிடும். நான் பாயில் மல்லாந்து கிடந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று எண்ணிவிட்டு எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன், பிறகு பத்து எண்ணிவிட்டு என்று நினைத்தேன், இப்போது ஒன்பது நாற்பது. இது சோம்பல் இல்லை. சோம்பல் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், பிறந்ததிலிருந்து நான் சோம்பேறிதான், சோம்பலில் ஒரு சுகம் இருக்கும். இதில் அது கிடையாது. ஈரச் சாக்கை நெஞ்சின் மேல் போட்டுவிட்டு யாரோ எழுந்து போய்விட்ட மாதிரி இருக்கிறது. தூங்கி எழுந்தாலும் களைப்பாக இருக்கிறது, தூங்காவிட்டாலும் அதே களைப்புதான், அப்புறம் எதற்கு மெனக்கெட்டுத் தூங்க வேண்டும். காலையில் அம்மா திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை. புடவை மடிப்பைப் பிடித்துக்கொண்டு, வாயில் ஊக்கைக் கவ்விக்கொண்டு, பல்லிடுக்கில் கேட்டாள். “பாத்திரத்தையெல்லாம் குடுத்துட்டேன்னு சொன்னியேடி.” ஊக்கை எடுத்துக் குத்திக்கொண்டு மறுபடி சொன்னாள். “படியில ஜெயக்கொடி அக்கா கேட்டுச்சு. சாயங்காலம் அவங்க பொண்ணு நித்யாவுக்குப் பூ வைக்க வர்றாங்களாம். அந்தத் தூக்குவாளி அவங்க அம்மா சீர் குடுத்ததாம். நான் என்னத்தச் சொல்ல.” மறந்துவிட்டேன் என்றேன். “நாலு மாசமா மறந்தியா.” அவ்வளவுதான். கீழே மில் வேன் ஹாரன் அடித்தது, அம்மா போய்விட்டாள். நாலு மாசமா மறந்தியா. குரலில் கோபமே இல்லை. கோபப்படுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே, என்னை அந்த அளவுக்குக்கூட அம்மா இப்போது கணக்கில் வைக்கவில்லையோ என்று தோன்றுகிறது. தோன்றினால் அது அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. நல்ல விஷயம் எதுவும் இப்படி உட்காராது.

மறக்கவில்லை, அதுதான் உண்மை. ஒரு நாள்கூட மறக்கவில்லை. என் அக்கா லாவண்யா ஐப்பசியில் செத்துப்போனாள். டெங்கு. ஒன்பது நாள் காய்ச்சல். காலேஜ் ரெண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள், பத்தாவதில் ஸ்கூல் ஃபர்ஸ்ட், அவள் போட்டோ வைத்து ஸ்கூல் வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அடுத்த ரெண்டு வருஷம் நான் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போனேன், லாவண்யா தங்கச்சியா நீ என்று கேட்காத டீச்சர் இல்லை, முதல் பரீட்சைக்கு அப்புறம் கேட்ட டீச்சரும் இல்லை. சாவு விழுந்த வீட்டில் அடுப்புப் பற்ற வைக்க மாட்டார்கள், பக்கத்து வீடுகளிலிருந்துதான் சாப்பாடு வரும். இந்த ஹவுசிங் போர்டில் எங்கள் பிளாக்கில் பன்னிரண்டு வீடு. அஞ்சு வீட்டிலிருந்து வந்தது. இட்லி, சாம்பார், உப்புமா, புளிச்சாதம், ஒரு வீட்டிலிருந்து வெறும் ரசம். எல்லாம் பேர் வெட்டின எவர்சில்வர் பாத்திரம். அன்றைக்கு யாரோ என் கையில் இட்லித் தட்டைக் கொடுத்துச் சாப்பிடு என்றார்கள், நான் சாப்பிட்டேன், நாலு இட்லி, பசித்தது, அக்கா ஹாலில் படுத்திருக்கிறாள், நான் அடுப்படியில் உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிடுகிறேன். அஞ்சாவதும் சாப்பிட்டிருப்பேன். அப்போதுதான் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மேல் வீட்டு ஜெயக்கொடி பெரியம்மா அழுதுகொண்டே சொன்னது கேட்டது. “நல்லாப் படிச்ச புள்ளையக் கொண்டு போயிட்டானே. எடுக்கணும்னா வேற ஆளா இல்ல.” வேற ஆளா இல்ல. கையில் சாம்பார் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் லாவண்யாவை விட்டால் வேறு பிள்ளை நான் ஒருத்திதான். பெரியம்மா சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் கஷ்டம். நானே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நான் நினைப்பது வேறு, ஜன்னல் வழியாகக் காதில் விழுவது வேறு. பதினாறு முடிந்ததும் பாத்திரத்தையெல்லாம் நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். கழுவக்கூட இல்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அம்மா கேட்டபோது கொடுத்துவிட்டேன் என்றேன். கதவைத் தட்டினால் கதவு திறக்கும், திறந்தால் பாவம் என்று ஒரு முகம் தெரியும், அந்த முகத்துக்கு நான் பதிலுக்கு ஒரு முகம் செய்ய வேண்டும். அஞ்சு வீடு, அஞ்சு முகம். எனக்கு ஒன்று செய்யவே தெம்பில்லை.

பத்து மணி. எப்படியோ உட்கார்ந்துவிட்டேன், எப்படி உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை, முதுகை யாராவது தள்ளினார்களோ என்னவோ. குனிந்து கட்டிலுக்கு அடியில் கையை விட்டேன். முதலில் தட்டுப்பட்டது ரசம் வந்த சொம்பு. அதைத் தள்ளினேன். அடுத்தது தூக்குவாளி. வெளியே இழுத்ததும் நாற்றம் வந்தது, நாலு மாசம் முந்தின சாம்பார், அடியில் பச்சையும் கறுப்புமாக ஒரு தோல் மாதிரி படிந்திருக்கிறது, அதில் ஒரு கறிவேப்பிலை அப்படியே இலையாக இருக்கிறது. இந்தச் சாம்பாரைத்தான் நான் அன்றைக்கு ஊற்றிச் சாப்பிட்டேன். இதை வைத்தபோது லாவண்யா செத்து ஒரு நாள்கூட ஆகவில்லை, இது அன்றைய சாமான், இந்த வீட்டில் அன்றைக்கு இருந்ததில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான், இதைத் தேய்த்துக் கழுவினால் அதுவும் போய்விடும் என்று ஒரு கிறுக்குத்தனமான நினைப்பு வந்தது. நினைப்புக்கு அறிவு கிடையாது. ஊசிப்போன சாம்பாரையா பிடித்துவைத்துக்கொள்வது. தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். ஊற வேண்டும். ஊறட்டும் என்று அங்கேயே சுவரில் சாய்ந்து போனை எடுத்தேன். போன் லாவண்யாவுடையது. இப்போது நான்தான் வைத்திருக்கிறேன். காலை அஞ்சு நாற்பதுக்கு அலாரம் அடிக்கும், காலேஜ் பஸ்ஸுக்காக அவள் வைத்தது, அலாரத்துக்கு அவள் போட்ட பேர் “எந்திரி மாடு”. தினமும் அடிக்கிறது, தினமும் நான் அணைக்கிறேன், அதை எடுத்துவிடத்தான் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் பொய். ரெண்டு தடவை தொட்டால் போதும். காய்ச்சல் மூன்றாவது நாள், அவள் இதே போனைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள், எனக்கு ஏதோ பார்க்க வேண்டும், என்ன என்றுகூட ஞாபகம் இல்லை, அந்த அளவுக்கு உருப்படாத விஷயம். “குடுடி, உனக்குத்தான் காய்ச்சல்ல, கண்ணு வலிக்கும்” என்று பிடுங்கினேன். அவள் விரல் கொதித்தது. அது எனக்குத் தெரிந்தது, அதுதான் முக்கியம், கொதிக்கிறது என்று தெரிந்தே பிடுங்கினேன். “எடுத்துக்க, லூசு” என்றாள். சிரித்த மாதிரிதான் சொன்னாள். சிரித்தாளா? நாலு மாசத்தில் அந்த முகத்தை எத்தனையோ தரம் போட்டுப் பார்த்துவிட்டேன், இப்போது அவள் சிரித்தாளா, நானே சிரிக்க வைக்கிறேனா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ரொம்பப் பயமாக இருப்பது இதுதான். செத்துப்போனவளைப் பற்றி நான் நினைக்க நினைக்க, அவள் தேய்ந்து நான்தான் மிச்சம் இருக்கிறேன்.

அவள் போன பிறகு மூன்று நாள் ஸ்கூலுக்குப் போனேன். ப்ளஸ் டூ. நான் உள்ளே நுழைந்ததும் கிளாஸ் அமைதியாகிவிட்டது. அதற்கு முன்னால் நான் பேசினால் நாலு பேர் சிரிப்பார்கள், எனக்கு இருந்த ஒரே திறமை அதுதான். மூன்று நாளும் யாரும் சிரிக்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. கெமிஸ்ட்ரி மிஸ் என் தோளில் கையை வைத்து, அக்கா ஆசையை நீதான் நிறைவேத்தணும் என்றார்கள். நாலாம் நாள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன், சாயங்காலம் நாலு மணிக்குக் கழற்றினேன். அப்பா மினி பஸ் ஓட்டுகிறார், வீட்டுக்கு வருவதே எட்டு மணிக்குமேல். ஸ்கூலிலிருந்து போன் வந்தபோது, “விடுங்க சார், அப்புறம் பாப்போம்” என்றார். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அப்பாவைக் குறை சொல்லவில்லை. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்கிறார், அம்மா மில்லில் நூலைப் பிடித்துக்கொள்கிறாள், எனக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கொடுக்கப்படவில்லை, பாய் மட்டும்தான். சாகணும் என்று இல்லை. அதைச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் அதைத்தான் பயந்து பயந்து பார்க்கிறார்கள். சாகணும் என்று இல்லை, இருக்கணும் என்றும் இல்லை, நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அங்கே ரொம்பக் களைப்பாக இருக்கும்.

பத்து இருபத்தஞ்சு. தேய்க்கிறேன். கம்பி நாரைப் போட்டால் கீறல் விழும், தேங்காய் நாரும் சபீனாவும்தான், அடியில் நகத்தால் சுரண்டினால் தோல் உரிந்து வருகிறது. தேய்க்கத் தேய்க்கப் பேர் தெரிகிறது. பா. ஜெயக்கொடி. கீழே ஒரு தேதி, பெரியம்மாவின் கல்யாணத் தேதியாக இருக்கும். கழுவி முடித்துத் துடைத்து வைத்தபோதுதான் அடுத்த பிரச்சினை. வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது, ஒரு கை சீனியாவது ரெண்டு பழமாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். இது அம்மா சொன்னது. சாவு நடந்த வீட்டிலிருந்து வருஷம் திரும்புகிற வரைக்கும் யாருக்கும் ஒன்றும் போட்டுக் கொடுக்கக் கூடாது. இதுவும் அம்மா சொன்னது. ரெண்டும் ஒரே தூக்குவாளியில் வந்து சேர்ந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அதுவும் பூ வைக்கிற வீடு. லாவண்யாவுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டாலும் கூகுளில் தேடி, இரு கையையும் விரித்து, விஞ்ஞானம் கைவிட்டதுடி என்று சொல்லியிருப்பாள். நான் சீனி டப்பாவைத் திறந்து ஒரு கை போட்டேன். போட்டதும் பயம் வந்தது. நித்யா அக்கா கல்யாணம் நின்று போனால். மாப்பிள்ளைக்கு வண்டியில் ஏதாவது ஆனால். எதற்கும் நான்தான் காரணம் என்று தேடிக்கொண்டு வந்துவிடுவார்கள், அவர்கள் வராவிட்டாலும் நானே போய்ச் சொல்லுவேன், இந்தா நான்தான் என்று. சீனியைக் கொட்டினேன். உள்ளே ஈரம் இருந்திருக்கிறது, ஒட்டிக்கொண்டுவிட்டது, மறுபடி கழுவ வேண்டியிருந்தது. கழுவிவிட்டு வெறுமனே எப்படிக் கொடுப்பது என்று மறுபடி நின்றேன். அரிசிப் பானை வரைக்கும் போய்த் திரும்பினேன். ஒரு தூக்குவாளியில் ஒரு கை சீனியைப் போடுவதா வேண்டாமா என்பதற்கு இருபது நிமிஷம். இப்படிப்பட்ட ஆளை எடுக்காமல் விட்டதற்குக் கடவுளிடம் ஒரு காரணமும் இருக்க முடியாது. வெறுமனேதான் கொண்டுபோகிறேன். நைட்டிக்கு மேல் துப்பட்டாவைப் போட்டேன். கதவைத் திறந்தால் வெயில் அடித்தது, கண் கூசியது, எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்தேன், யோசித்தால் மறுபடி உள்ளே போய்விடுவேன் என்று யோசிப்பதை நிறுத்தினேன்.

படி. ஒவ்வொரு படியிலும் ஒரு முகத்தைச் செய்து பார்த்தேன். சரி பெரியம்மா, வரேன் பெரியம்மா, இவ்வளவுதான் பேச்சு, நீட்டிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். மேலே கதவு விரியத் திறந்து கிடந்தது, வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்பு, ஒரு ஸ்டூல், பேப்பரில் குவித்த மாவிலை. உள்ளே நெய் வாசம். யாரோ தேங்காய் துருவுகிற சத்தம். விசேஷ வீட்டு வாசலில் நைட்டியோடு சாவு வீட்டுப் பொண்ணு. திரும்பிவிடலாம் என்று காலை எடுத்தேன், அதற்குள் பெரியம்மா கையில் கோலமாவுக் கிண்ணத்தோடு வெளியே வந்துவிட்டாள். “வந்துருச்சா. நாலு மாசம் எங்க போயிருந்துச்சு வாளி, துபாய்க்கா?” நான் நீட்டினேன். முகம் செய்ய மறந்துவிட்டேன். உள்ளேயிருந்து பெரியம்மாவின் நாத்தனார், “யாரு மதினி?” என்று கேட்டாள். “கீழ் வீட்டு சிந்து.” “எந்த சிந்து, அந்த லாவண்யாப் பொண்ணோட...” “ஆமா, அவ தங்கச்சிதான்.” தேங்காய் துருவுகிற சத்தம் நின்றுவிட்டது. சரி பெரியம்மா, வரேன் பெரியம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “அன்னிக்கு நீங்க ஒண்ணு சொன்னீங்க” என்று வந்தது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பெரியம்மா, “என்னிக்கு?” என்றாள். இனி திருப்பி விழுங்க முடியாது. “லாவண்யாவப் படுக்க வெச்சிருந்தப்ப. நான் அடுப்படியில இருந்தேன். எடுக்கணும்னா வேற ஆளா இல்லன்னு சொன்னீங்க. அந்த வீட்டுல வேற ஆளு நான்தான் பெரியம்மா.” கடையில் மிச்சச் சில்லறை கேட்கிற மாதிரி கேட்டேன். உள்ளே குக்கர் விசிலடித்தது. பெரியம்மா கோலமாவுக் கிண்ணத்தை ஸ்டூலில் வைத்தாள். “சொன்னேனாடி?” “சொன்னீங்க.” “எனக்கு ஞாபகமே இல்லடி” என்றாள்.

பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும், நான் அந்தத் தொழிலில் இருக்கிறேன். நிஜமாகவே ஞாபகம் இல்லை. நாலு மாசம் நான் அதைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறேன், பல் தேய்க்கும்போது அது கேட்கிறது, சோற்றைப் பிசையும்போது கேட்கிறது, சொன்னவளுக்கு அது வாயை விட்டுப் போன அன்றைக்கே போய்விட்டது. எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. பஸ்ஸுக்காக ரொம்ப நேரம் நின்றுவிட்டு, அந்த பஸ் இந்த ரோட்டில் வருவதே இல்லை என்று தெரிந்துகொண்ட மாதிரி இருந்தது. கால் மட்டும் வலித்தது. “சொல்லியிருப்பேன். என் வாய் அப்பிடித்தான். சொல்லியிருந்தா தப்புதான்டி” என்றாள் பெரியம்மா. கையைப் பிடிக்கவில்லை. பாவம் என்கிற அந்த முகத்தையும் போடவில்லை. அதை மட்டும் சொல்லிவிட்டுத் தூக்குவாளியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள், உள்ளே எட்டிப் பார்த்தாள், வெறுமனே இருக்கிறது என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். “மூடி எங்க?” என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. “மூடிடி. இதுக்கு மூடி உண்டு. மூடி இல்லாத வாளியில மாப்பிள்ளை வீட்டுக்கு என்னத்தக் குடுத்துவிட?” மூடி. இருபது நிமிஷம் சீனியைப் போட்டு எடுத்துக் கழுவின நேரத்தில் அதற்கு மூடி இருக்கும் என்று எனக்கு ஒரு தரம்கூடத் தோன்றவில்லை. “தேடிப் பாக்குறேன்” என்றேன். “தேடி எடுத்துட்டு வா. வந்து இந்த மாவிலையக் கட்டிட்டுப் போ. ஸ்டூல்ல ஏறினாலும் இங்க ஒருத்திக்கும் கை எட்டல. நெட்டக்கொக்கு மாதிரி வளந்திருக்கல்ல, அதுக்காவது ஆகட்டும்.” உள்ளேயிருந்து நாத்தனார், “மதினி” என்று இழுத்தாள். பெரியம்மா திரும்பவே இல்லை. நான், “நான் கட்டலாமா” என்றேன். “ஏன், கை சுளுக்கா?” “எங்க வீட்டுல இன்னும் வருஷம் திரும்பல பெரியம்மா.” “எனக்கும் காலண்டர் பாக்கத் தெரியும்.” எதைச் சொன்னால் இந்த அம்மா விடுவாள் என்று தேடினேன், ஒன்றுதான் இருந்தது, அதையும் சொன்னேன். “நான் குளிக்கல.” பெரியம்மா மூக்கைச் சுருக்கினாள். “தெரியுது. குளிச்சிட்டு வா. அவங்க நாலு மணிக்கு வர்றாங்க, நீ அடுத்த நாலு மாசம் கழிச்சு வந்து நிக்காத.”

இறங்குகிறேன். எதுவும் லேசாகிவிடவில்லை, கதையில் வருகிற மாதிரி எதுவும் ஆகவில்லை, கால் ஏறும்போது இருந்த அதே கனம்தான். அந்த வாக்கியமும் போகவில்லை. சொன்னவள் கையை விட்டுவிட்டாள், இனிமேல் அதை நான் ஒருத்திதான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், சொல்லுவேன், எனக்கு என்னைத் தெரியும், ராத்திரிக்குள் பத்துத் தடவை சொல்லுவேன். நாளைக்கு எழுந்திருப்பேனா என்பதும் தெரியாது. மாவிலை கட்டுவது எப்படி என்பதும் தெரியாது, காம்பை மடித்துக் குத்துவார்கள், எந்தப் பக்கமாக என்று பார்த்ததில்லை. நாத்தனார் முறைப்பாள். நான் கட்டின தோரணம் கோணலாக இருக்கும், மாப்பிள்ளை வீட்டார் நிமிர்ந்து பார்ப்பார்கள், யார் கட்டினது என்று கேட்பார்கள். பாத்ரூம் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்தேன். இந்த நேரத்துக்குத் தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். பக்கெட்டில் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். மூடி கட்டிலுக்கு அடியில் இருக்கலாம். அம்மா எடுத்துத் தோசை மாவை மூடியிருக்கலாம். ரசச் சொம்பின் மேல் இருந்ததே ஒன்று, அது சொம்பை விடப் பெரிசாக இருந்த மாதிரி ஞாபகம். காலண்டர் பார்க்கத் தெரியும் என்கிறாள், நெட்டக்கொக்கு என்கிறாள், ஒரு மூடிக்கு இவ்வளவு பேச்சு. பக்கெட் பாதி நிறைந்ததும் கப்பில் மொண்டு தலையில் ஊற்றினேன். மூச்சு நின்று வந்தது. எதிர் வீட்டு ரேவதி அக்கா பாத்திரமும் அங்கேதான் கிடக்கிறது, அதற்கும் மூடி உண்டா என்று யோசித்துக்கொண்டே அடுத்த கப்பை மொண்டேன்.